போக வர ஒரு கபின்

ஒஸ்வால்ட் மொறாயஸ் தமது வாழ்நாளில் எத்தனை கப்பல்களில் ஏறியிருக்கிறார் என்று கேட்டால், மூவாயிரத்துக்குக் கிட்ட வரும் என்பார். எத்தனை கப்பல்களில் பயணம் போயிருக்கிறார் என்று கேட்டால், இன்றைக்கு வெய்யில் கடுமை என்பார்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கொழும்புத் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலின் வயிற்றிலிருந்து கிரேன் மூட்டையைத் தூக்கும்போது பக்கத்தில் நின்று புத்தகத்தில் கோடு போடுவது அவருடைய உத்தியோகம். நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. முப்பத்துநாலு வருடம் அவர் போட்ட கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிடத்தினால் கொட்டாஞ்சேனையிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் போகும் என்று ஒருநாள் அவரே மதிப்பிட்டுச் சொன்னார். கோடு போயிருக்கலாம். அவர் போகவில்லை. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அப்பால் கடல் எப்படி இருக்கும் என்பது அவருக்கு மாலுமிகள் சொல்லித்தான் தெரியும். மாலுமிகள் அதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

தொழில் அவருக்கு ஒரேயொரு கொள்கையைக் கொடுத்திருந்தது. ஏறினது எத்தனையோ அத்தனையும் இறங்க வேண்டும். ஒரு மூட்டை குறைந்தாலும் டாலி கிளார்க்குக்கு அவமானம். நாட்டில் யுத்தம் நடக்கிறது. ஆட்கள் ஏறி ஏறிப் போகிறார்கள், இறங்குவார் ஒருவருமில்லை. அப்படியொரு காலத்தில் இப்படியொரு கொள்கையை வைத்துக்கொண்டு ஒரு தமிழர் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் பகிரங்கமாக நடமாடினார் என்பதைப் பிற்காலத்தார் நம்பமாட்டார்கள். ஆகவேதான் எழுதி வைக்கவேண்டியிருக்கிறது.

அந்த மூவாயிரத்தில் ஒரு கப்பல் மட்டும் அவருடைய மனதில் ஏறி இறங்காமல் நின்றுவிட்டது. பெயர் லேடி வினிபிரட். வெள்ளை உடம்பு, மஞ்சள் புகைபோக்கி, பின்புறத்தில் இலேசான ஒரு சாய்வு. வருடத்துக்கு இரண்டு முறை கொழும்புக்கு வரும். துறைமுகத் தொழிலாளர்கள் அதை 'நோனா' என்றே அழைத்தார்கள், துரைசானி என்ற மரியாதையில். "நோனா வந்திட்டா" என்று காலையில் அறிவித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகச் சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போகும் புருசனைப் பற்றி மனைவி நேசம் கலியாணமான புதிதில் கவலைப்பட்டுப் பங்குத்தந்தையிடம் ஒரு சொல் போட்டு வைத்ததாகக் கேள்வி.

யுத்தம் முற்றியதும் உல்லாசக் கப்பல்கள் கொழும்பின் வழியை மறந்தன. நோனாவும் மறந்தது. ஒஸ்வால்ட் ஓய்வுபெற்று இரண்டு வருடமான பின், தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதத்தில், ஒருநாள் பத்திரிகையில் அதன் படம் வந்தது. லேடி வினிபிரட்டின் பிரியாவிடைப் பயணம். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், மறுபடி கொழும்பு. பன்னிரண்டு நாள். அதன் பிறகு கப்பல் உடைபடுவதற்காக இந்தியக் கரைக்குப் போகும்.

ஒஸ்வால்ட் பத்திரிகையோடு குசினிக்குப் போனார். நேசம் பாரை மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேரும், நாங்க ரெண்டு பேரும் கப்பல்ல போவமா?"

"எங்க?"

"சிங்கப்பூர் மட்டும். பன்னிரண்டு நாள். போய்ட்டு வாறது."

நேசம் மீனைச் சட்டியில் வைத்தார். கையைத் துடைத்தார். புருசனை நெடுநேரம் பார்த்தார்.

"ஓம், போவம்" என்றார்.

முப்பத்தொரு வருட இல்லற வாழ்வில் நேசம் எந்த விடயத்துக்கும் முதல் கேள்வியிலேயே ஓம் சொன்னதில்லை. குளியலறைக் கதவுக்குப் பச்சை நிறம் அடிப்பதற்கே எட்டு மாதம் பிடித்தது. அவர்களுடைய ஒரே மகள் பிறிஜெற் ரொறன்ரோவில் இருந்தாள். அங்கே மூன்று வயதில் ஒரு பேரன். அவனைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். இரண்டு முறை விசாவுக்கு விண்ணப்பித்து, வந்தால் திரும்பிப் போவார்கள் என்று நம்ப இடமில்லை என்ற பதிலோடு இரண்டு முறையும் கடவுச்சீட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்தத் துக்கத்தை மறக்க மனுசிக்கும் ஒரு மாறுதல் வேண்டியிருக்கிறது என்று ஒஸ்வால்ட் எடுத்துக்கொண்டார். சேமலாப நிதிப் பணத்தை வங்கியிலிருந்து எடுத்தார்.

கோட்டையில் இருந்த கப்பல் ஏஜன்சிக் கந்தோரில் பயணச்சீட்டுப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் புவாத் என்ற இளைஞர். அவர் ஒஸ்வால்டை உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, விளம்பரம் வந்த இரண்டாம் நாளே எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னார்.

"ஒரு எடமும் இல்ல அங்கிள். வெய்ட்டிங் லிஸ்ட்ல மட்டும் நூத்திப்பத்துப் பேர் ஈக்காங்க. அதுல ரெண்டு பேர் மந்திரிட ஆக்கள்."

ஒஸ்வால்ட் நூற்றுப்பதினோராவதாகப் பெயர் கொடுத்தார். பிறகு ஒன்பது நாள் தொடர்ந்து அந்தக் கந்தோர் வாங்கில் போய் உட்கார்ந்தார். பயணிகளில் பெரும்பாலானோர் எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற தோட்டத்துரைகள் என்று அறிந்து, தினமும் ஆங்கிலப் பத்திரிகையின் மரண அறிவித்தல்களை நம்பிக்கையோடு வாசித்தார். ஒருவரும் ஒத்துழைக்கவில்லை.

பத்தாம் நாள், சுவரில் மாட்டியிருந்த கப்பலின் தட்டு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து கிட்டப் போனார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"தம்பி, இதில ஒரு கபின் குறையுது."

நாலாம் தட்டில், பின்புறமாக, பழைய தபால் அறைக்கு அடுத்தது. நோனா ஒரு காலத்தில் தபால் கப்பல். கடலிலேயே கடிதங்களைப் பிரித்து அடுக்குவதற்கு இரண்டு தபால் உத்தியோகத்தர்கள் கூடவே வருவார்கள். அவர்களுக்கு இரண்டு கட்டில் போட்ட கபின் இருந்தது. அறுபத்தாறில் ஒஸ்வால்ட் அதற்குள் உட்கார்ந்து தபால் சாக்குகளுக்குக் கோடு போட்டவர். பிறகு தபால் விமானத்தில் ஏறியது. உத்தியோகத்தர்கள் கரையில் இறங்கினார்கள். கபின் வரைபடத்திலிருந்தும் மனித ஞாபகத்திலிருந்தும் காணாமற் போனது. கப்பலில் இருந்து மட்டும் அது எங்கே போய்விடும்?

புவாத் சிரிப்பை அடக்கிக்கொண்டு கப்பலுக்கு ஒரு தொலைநகல் அனுப்பினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. அப்படியொரு கதவு இருக்கிறது, சாவி இல்லாததால் உடைத்துத் திறந்தோம், உள்ளே நாற்பத்தொரு பழுதடைந்த சாய்வுக் கதிரைகளும் இரண்டு கட்டிலும் ஒரு முகம் கழுவும் தொட்டியும் இருக்கின்றன, இதைக் கண்டுபிடித்த கனவானுக்குப் பாதிக் கட்டணத்தில் தருகிறோம், கதிரைகளை அகற்றிவிடுவோம். நூற்றுப்பத்துப் பேரைத் தாண்டி, மந்திரியின் ஆட்களையும் தாண்டி, நூற்றுப்பதினோராவது ஆளுக்குக் கபின் கிடைத்தது. கொட்டாஞ்சேனையின் சரித்திரத்தில் செல்வாக்கில்லாமல் ஒரு காரியம் நடந்தது அதுவே முதற் தடவையாக இருக்கலாம்.

ஆனால் பயணி தமிழர். அதற்கென்று கந்தோரில் எழுதாத ஒரு விதி இருந்தது. புவாத் அதை மேசையைப் பார்த்தபடி சொன்னார். அங்கிள் போய் அங்கேயே நின்றுவிட்டால் கப்பலுக்குத் தண்டம். ஆகவே திரும்பி வருவார் என்று நம்பிக்கையான ஒருவர் பிணை எழுதித் தரவேண்டும். தண்டம் வந்தால் பிணை வைத்தவரே கட்டவேண்டும்.

ஒஸ்வால்டுக்கு இதில் ஒரு சிரமமும் தெரியவில்லை. அவருக்கு றேமண்ட் இருந்தார். ஒரே ஷெட்டில் முப்பத்துநாலு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று கோடு போட்டவர். ஒஸ்வால்டின் கலியாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழர். பிறிஜெற்றுக்கு ஞானத்தகப்பன். உலகத்தில் ஒரு மனிதனுடைய வார்த்தையை இன்னொரு மனிதன் நம்புவதற்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

துரதிர்ஷ்டவசமாக, ஓய்வுபெற்ற பின் றேமண்ட் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், லொட்ஜ் நடத்தினார். ஆறு அறை. யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்து, களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜன்சிக்காரனின் தொலைபேசிக்காகக் காத்திருப்பவர்கள் அங்கே தங்குவார்கள். ஒவ்வொருவரும் போகும்போது ஒரு காரணம் சொல்லிவிட்டுப் போவார்கள். மதுரையில் கண் ஒப்பரேஷன். வேளாங்கண்ணிக்கு நேர்த்தி. சிங்கப்பூரில் மச்சாளின் கலியாணம். பதினைந்து நாளில் வந்துவிடுவோம், அறையை ஒருவருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்பார்கள். நம்பிக்கைக்கு அடையாளமாகத் தலையணையை விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு வருடத்தில் றேமண்டிடம் அறுபத்தேழு தலையணை சேர்ந்திருந்தது. கேட்டு வந்தவர் ஒருவருமில்லை.

அவர் பிணைப் பத்திரத்தை இரண்டு முறை வாசித்தார்.

"உண்மையாத் திரும்பி வாறியா மச்சான்?"

"பின்ன? ரிட்டர்ன் டிக்கட்டடா."

"எல்லாரும் எடுக்கிறது ரிட்டர்ன்தான்" என்றார் றேமண்ட். கையெழுத்து வைத்தார். பத்திரத்தைக் கொடுக்கும்போது, "எனக்கும் சொல்ல மாட்டாய், என்ன?" என்று கேட்டார்.

"என்னத்தை?"

"சரி, விடு."

ஒஸ்வால்ட் விட்டுவிட்டார். அதுதான் பிழை.

அந்தக் காலத்தில் கொழும்பில் வெளிநாடு போகிறவர்களுக்கு ஓர் ஒழுக்கம் இருந்தது. போகிறோம் என்று ஒருவருக்கும் சொல்லக்கூடாது. போய்ச் சேர்ந்து, அங்கிருந்து தொலைபேசி எடுத்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரியவேண்டும். அதுவரைக்கும், கேட்டால், இங்கேதான் கிட்டடியில் போகிறோம், வந்துவிடுவோம் என்று சொல்லவேண்டும். ஒஸ்வால்ட் கேட்ட எல்லோருக்கும் உண்மையைச் சொன்னார். இங்கேதான் கிட்டடியில், சிங்கப்பூர் வரைக்கும், பன்னிரண்டு நாளில் வந்துவிடுவோம் என்றார். எதிர்வீட்டுச் செலீன் அன்று பின்னேரமே ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாயோடு வந்து, பிறிஜெற்றுக்கு என்று கொடுத்தார்.

"செலீன், நாங்க கனடாவுக்குப் போகேல்ல."

"ஓம் ஓம், எனக்குத் தெரியாதே" என்றார் செலீன். "நான் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்ல அண்ணை. நீங்களும் இப்பிடியே சொல்லிக்கொண்டிருங்கோ. பக்குவமாச் சொல்றீங்க."

அவர் உண்மையைச் சொல்லச் சொல்ல, அவருடைய சாமர்த்தியத்தைப் பற்றிய புகழ் பரவியது. இத்தனை நாளும் மனுசன் ஒரு அப்பாவி என்றல்லவா நினைத்தோம் என்று ஜம்பட்டா வீதி தன்னைத்தானே நொந்துகொண்டது. மரண உதவிச் சங்கத்தின் செயலாளர் நேரில் வந்து கைகுலுக்கி, இனி நீங்கள் இங்கே சாகப்போவதில்லை என்றபடியால் பெயரை வெட்டிவிட்டோம், மனவருத்தம் வேண்டாம் என்று தெரிவித்தார். ஒஸ்வால்ட் ஆட்சேபித்தார். செயலாளர் கண்ணைச் சிமிட்டினார்.

கப்பல் புறப்பட இரண்டு நாள் இருக்கையில் புவாத் அவரைக் கந்தோருக்கு அழைத்து ஒரு கடிதத்தைக் காட்டினார். துறைமுகத்து ஆங்கிலத்தில், நல்ல ஓரம் விட்டு, ஒரு வெட்டுக் குத்து இல்லாமல் எழுதியிருந்தது. பின்வருவதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரும் பாக்கியம் பெறுகிறேன். மேற்படி பயணி திரும்பி வரும் எண்ணம் இல்லாதவர் என்பது கீழே கையொப்பமிடுபவரின் நீண்டகால அனுபவத்தில் திட்டமாகத் தெரிகிறபடியால், ஏலவே கொடுத்த பிணையை வாபஸ் பெறுகிறேன். தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்.

கீழே றேமண்டின் கையெழுத்து. ஒஸ்வால்ட் அதை முப்பத்துநாலு வருடம் தன்னுடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் பார்த்தவர். கபின் ரத்து என்று புவாத் சொன்னது அவருக்குப் பாதிதான் கேட்டது.

பஸ் எடுத்து நேரே வெள்ளவத்தைக்குப் போனார். றேமண்ட் மொட்டைமாடியில் தலையணைகளை வெய்யிலில் பரப்பிக்கொண்டிருந்தார்.

"நீயா எழுதினது?"

"ஓம். நான்தான்."

"ஏன்டா?"

றேமண்ட் கையிலிருந்த தலையணையைத் தட்டினார். தூசி எழும்பியது.

"நீ போறதுக்கு நான் குறுக்க நிக்கேல்ல மச்சான். போ. சந்தோசமாப் போ. ஆனா வாற போற யாழ்ப்பாணத்து ஆக்கள் சொல்ற கதையை என்னட்டயும் சொன்னாய் பார். என்ர பிள்ளைக்கு ஞானத்தகப்பன் நீயில்லை, உன்ர பிள்ளைக்கு நான். கையெழுத்தும் வாங்கி, தண்டத்தையும் என்ர தலையில கட்டிட்டு, ஒரு சொல்லுச் சொல்லாமப் போகப் பாத்தாய். அதைத்தான் தாங்கேலாமப் போச்சு."

"நான் திரும்பி வாறன் எண்டு சொன்னனான்தானே?"

"அதைத்தானே சொல்றன். என்னட்டயே பொய் சொன்னாய்."

ஒஸ்வால்ட் அங்கே நின்று யோசித்தார். திரும்பி வருவேன் என்பதை நிரூபிக்க மனிதனுக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு: போய்த் திரும்பி வருவது. அந்த வழியைத்தான் றேமண்ட் அடைத்துவிட்டார். அடைத்தவரோ தம்முடைய நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தாம்தான் கைவிடப்பட்டவர் என்பதுபோல நின்றார். கண்ணும் கலங்கியிருந்தது. வந்த மனிதர் ஏசவும் முடியாமல், ஆறுதல் சொல்லவும் மனமில்லாமல், படியிறங்கினார்.

வீட்டில் நேசம் பெட்டியைப் பூட்டி, மேலே கயிறும் கட்டி முடித்திருந்தார். ஒஸ்வால்ட் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விடயத்தைச் சொன்னார். கபின் போய்விட்டது. றேமண்ட் எழுதிக் கெடுத்துவிட்டான். நாங்கள் திரும்பி வரமாட்டோமாம்.

நேசம் நெஞ்சில் கை வைத்தார்.

"அவருக்கு ஆர் சொன்னது?"

ஒஸ்வால்ட் மனைவியைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்தார். பன்னிரண்டு நாளுக்கான உடுப்புகளுக்குக் கீழே இரண்டு கம்பளிச் சட்டை, மூன்று பேருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், ஞானஸ்நானச் சான்றிதழ், கலியாண அல்பம், வீட்டு உறுதிப்பத்திரம், செலீனின் ஊறுகாய்.

"நீங்க," என்று ஆரம்பித்த நேசம் வார்த்தையைத் தேடினார். "நீங்க உண்மையாவே திரும்பி வாறதுக்கா இருந்தனீங்க?"

"சொன்னனான்தானே, போய்ட்டு வாறது எண்டு."

"அது வெளி ஆக்களுக்குச் சொல்றதெண்டு நினைச்சன்." நேசம் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எங்களைப் பிள்ளையிட்டக் கொண்டுபோய்ச் சேக்கத்தான் நாயாய் அலைஞ்சு கபின் தேடுறீங்கெண்டு நினைச்சன். ஒருத்தருக்கும் காட்டிக்குடுக்காமச் செய்யிறீங்கெண்டு பெருமைப்பட்டனான். கடைசியில நீங்க கப்பல் பாக்கத்தான் போக இருந்தனீங்க."

அன்றைக்கு அந்த வீட்டில் ஏமாற்றப்பட்டவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஏமாற்றியவர்களும் அந்த இரண்டு பேரேதான். மூன்றாமவர் வெள்ளவத்தையில் தலையணை காயவைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் புவாத் மோட்டார் சைக்கிளில் வீடு தேடி வந்தார். பாவம், கபினைக் கண்டுபிடித்த மனிதர் கரையில் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. மனேஜருடன் வாதாடி ஒரு வழி எடுத்திருந்தார். இரண்டு பேராகப் போவதுதான் சந்தேகத்துக்கு இடம். ஒருவர் போனால் மற்றவர் பிணை.

"ஆன்ட்டி இங்க நிண்டா அங்கிள் கட்டாயம் திரும்பி வருவார்னு மனேஜர் சொல்றார். ஆன்ட்டிதான் சைன் பண்ணணும்."

மனேஜர் கலியாணம் ஆகாதவர் என்பது பின்னால்தான் தெரியவந்தது. ஒஸ்வால்ட் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். நேசம் புவாத்தின் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். புவாத் போனதும், சந்தியில் இருந்த தொலைபேசிக் கடைக்குப் போய் வெள்ளவத்தைக்கு ஒரு கோல் எடுத்தார்.

றேமண்ட் முச்சக்கர வண்டியில் பறந்து வந்தார். இம்முறை எல்லாம் முறைப்படி, தன்னிடம் சொல்லிச் செய்யப்படுவதால் அவருக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. ஒஸ்வால்டைக் கட்டிப்பிடித்தார். தொழில் அறிவு முழுவதையும் மேசையில் கொட்டினார். பினாங்கில், ஜெட்டிக்கு வெளியே, பச்சைக் குடையோடு ஒருவன் நிற்பான். அவனோடு போனால் பாங்கொக். அங்கிருந்து மேற்கொண்டு கனடா. போய்ச் சேர்ந்ததும் நேசத்தைக் கூப்பிடுவது. இங்கே தண்டம் வந்தால் அதைத் தாம் பார்த்துக்கொள்வது.

நேசம் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"இஞ்சேருங்க, உங்களுக்குக் கப்பல் வேணுமெண்டீங்க, எடுத்துக்கொண்டு போங்க. எனக்கு நீங்க அங்க இறங்கினால் காணும். திரும்பி வரவேண்டாம்."

ஒஸ்வால்ட் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் தலை குனிந்ததை மற்ற இருவரும் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். டாலி எடுக்கத் தெரியாதவர் நேசம். றேமண்டுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கபின் அவர் நினைத்ததைவிடச் சிறியது. சுவரில் தபால் அடுக்கும் மரப் பொந்துகள் அப்படியே இருந்தன: ஏடன், போர்ட் சயிட், பிறிமாண்டில். கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டியபோது ஒஸ்வால்ட் அந்த அறையின் வட்டக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றார். கடல், துறைமுகத்துக்குள் இருந்த அதே தண்ணீர்தான். கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஆனாலும் அவருக்கு அழுகை வந்தது. சொல்லிக்கொள்ளத் திரும்பினார். மேல் கட்டிலில் பெட்டி மட்டும் கிடந்தது.

ஐந்து நாள் அவர் ராசா மாதிரி வாழ்ந்தார். தோட்டத்துரைகள் அவரைத் தேடி வந்து தபால் கபினைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கப்டன் ஒருநாள் தம் மேசைக்கு அழைத்தார். ஆறாம் நாள் காலை கப்பல் பினாங்கில் கட்டியது.

பச்சைக் குடை இருந்தது. ஒன்பது மணிக்கே வந்து, ஜெட்டி வாசலுக்கு எதிரே, ஒரு ஐஸ்கிறீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. ஒஸ்வால்ட் மேல்தட்டுக் கம்பியைப் பிடித்தபடி அதைப் பார்த்தார். அங்கே இறங்கினால் நேசத்துக்கு நல்லது. அதே நேரத்தில் நேசம் பேனையெடுத்துப் போட்ட கையெழுத்து பொய்யாகும். ஒரு அந்நியனோடு பாங்கொக் பஸ்ஸில் போவதற்கு ஐம்பத்தேழு வயதில் தமக்குத் தைரியம் இல்லை என்பதும் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தபால் கபினில் இன்னும் ஆறு நாள் மிச்சம் இருந்தது. இதற்குப் பிறகு அந்தக் கட்டிலில் உலகத்தில் ஒருவரும் படுக்கப் போவதில்லை. இந்தக் காரணங்களில் எது கனத்தது என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. மூன்று மணிக்கு ஐஸ்கிறீம் வண்டி போனது. மூன்றரைக்குக் குடை மடங்கியது.

பன்னிரண்டாம் நாள் காலை, சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், அவர் கொழும்பில் இறங்கினார். குடிவரவு உத்தியோகத்தர் கடவுச்சீட்டைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

ஜம்பட்டா வீதியில் முச்சக்கர வண்டி நின்றபோது செலீன் ஜன்னலைச் சாத்தினார். லொத்தரில் முதற்பரிசு விழுந்த சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வருகிறவனை ஒரு தெரு எப்படிப் பார்க்குமோ அப்படித் தெரு அவரைப் பார்த்தது. நேசம் வாசலில் நின்றார். அந்தப் பன்னிரண்டு நாளில் பிறிஜெற் ரொறன்ரோவில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, அப்பாவுக்கு அறையும் ஒழுங்கு செய்திருந்தாள்.

"வந்திட்டீங்க."

"ஓம்."

"குடைக்காரன் வரேல்லையோ?"

பொய் சொல்ல இடம் கொடுத்துக் கேட்ட கேள்வி அது. முப்பத்தொரு வருடத்தில் நேசம் அவருக்குச் செய்த பெரிய உபகாரம் அதுவாகத்தான் இருக்கும்.

"வந்தவன்" என்றார் ஒஸ்வால்ட். "மூண்டரை மட்டும் நிண்டவன்."

நேசம் உள்ளே போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தார். றேமண்டுக்குச் செய்தி போனது. இனி அந்த மனுசனை எந்த விடயத்திலும் நம்ப முடியாது என்று அவர் சொல்லியனுப்பினார். நண்பர்கள் இருவரும் பிறகு பேசவில்லை.

ஆனால் உடனடித் தொல்லை வேறு ஒன்று. அந்த வருடங்களில் கொழும்புத் தமிழ் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் பொலிஸில் இருக்கும். சோதனை வரும்போது பட்டியலில் பெயர் இருந்து ஆள் இல்லையென்றால் ஆயிரம் கேள்வி. ஆகவே கப்பல் போன நாலாம் நாளே, றேமண்டின் ஆலோசனைப்படி, நேசம் பொலிஸுக்குப் போய்ப் புருசனின் பெயரை வெட்டுவித்துத் தம்மைக் குடும்பத் தலைவியாகப் பதிந்திருந்தார். இப்போது ஒஸ்வால்ட் அந்த வீட்டில் பதியாத ஆள். இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் புதிதாக வந்தவராகப் பதியவேண்டும்.

இரண்டு பேரும் மறுநாள் காலை பொலிஸில் போய் உட்கார்ந்தார்கள். சார்ஜன்ட் பதிவுப் படிவத்தை எடுத்துச் சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். வந்தவரின் பெயர். எங்கிருந்து வந்தார். வீட்டுக்காரிக்கு என்ன உறவு. வந்த காரணம். காரணத்துக்கு ஒஸ்வால்ட் கொஞ்சம் யோசித்து, வீடு என்று சொன்னார். அது காரணமல்ல, விலாசம் என்று சார்ஜன்ட் வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். எத்தனை நாள் தங்குவார்?

ஒஸ்வால்ட் வாயைத் திறந்தார். சார்ஜன்ட் கையை உயர்த்தி, அதை வீட்டுக்காரிதான் சொல்லவேண்டும் என்றார்.

நேசம் மடியிலிருந்த கைப்பையின் வாரைச் சுற்றினார், அவிழ்த்தார். புருசனைப் பார்க்கவில்லை. சார்ஜன்ட் இரண்டாம் தரமும் கேட்டார். வெளியே வரிசையில் ஆட்கள் நின்றார்கள். கடைசியில் அவர் தாமாகவே ஒரு மாதம் என்று எழுதி, முத்திரை குத்தி, அதன்பின் ஆள் இருந்தால் மறுபடி வந்து புதுப்பிக்கும்படி சொன்னார். நேசம் அதற்கு ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.